பழைய வீட்டின் சின்ன நடையில் பெரிய டிசைன் வால்பேப்பர்

எங்கள் வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. வாசற்கதவைத் திறந்தால் இரண்டு பேர் தோள் உரசாமல் கடக்க முடியாத ஒரு நடை. அங்கே கரும்பச்சைப் பின்னணியில் உள்ளங்கை அகல இலைகள் சுருண்டு ஏறும் வால்பேப்பரை ஒட்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. இருக்கிற இடமும் சுருங்கிவிடும் என்று பலர் தடுத்தார்கள். சுருங்கவில்லை. இலைக்கொடியைத் தொடரும் கண் மூலை எங்கே என்று தேடுவதில்லை.

அதைவிடப் பெரிய லாபம் வேறு. பழைய சுவர்கள் பெரும்பாலும் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது எங்கள் சுவர் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. கோடோ கட்டமோ போட்ட டிசைன் என்றால் அந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். இலைக்கொடி அதை விழுங்கிவிட்டது. முதல் தாளை மூலையை வைத்து ஒட்டாமல் குண்டுநூலை வைத்தே ஒட்டினோம். கடைசியில் டிசைன் சேராத ஒட்டு, யாரும் நிமிர்ந்து பார்க்காத கதவு நிலைக்கு மேலே போய்விட்டது.

டிசைனைவிட முக்கியம் தாளின் வகை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுக்கும், அப்புறம் வெளியே விடும். அதன்மேல் வினைல் என்ற பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளை ஒட்டினால் ஈரம் பின்னால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் வினைல் பூச்சு இல்லாத காகிதத் தாளையே எடுத்து, மாவுப்பசையால் ஒட்டினோம். அதற்கு அடியில் வெற்றுத் தாளைக் குறுக்குவாட்டில் ஒட்டியிருக்கிறோம். இரண்டின் ஒட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று வராது. இதுவரை பிரிந்தது ஒரே இடம்தான்: மழைக்காற்று படும் கதவோரம், நகக்கண் அளவுக்கு. மெல்லிய தூரிகையால் பசை தொட்டு அழுத்தினேன், சரியாகிவிட்டது.

தேய்மானம் உண்டு. நடை திரும்பும் முனையில், பை உரசும் உயரத்தில், ஓர் இலையின் விளிம்பு வெள்ளைக் காகிதம் தெரியும்வரை தேய்ந்திருந்தது. ஒரே தடவையில் அச்சான, அதே அச்சு எண்ணுள்ள உபரி ரோலிலிருந்து ஒட்டுப் போட்டேன். ஒட்டுத் துண்டைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு மெலிந்து அடித்தாளோடு கலந்துவிடும்.

உபரி ரோலை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். சுவர் 3.3 மீட்டர் உயரம், டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், டிசைன் சேர ஒரு தாளுக்கு 3.84 மீட்டர் போய்விடுவதால் ஒரு ரோலில் இரண்டு தாள்தான் தேறும். டிசைனைச் சேர்க்கத் தேவையில்லாத தாள் என்றால் மூன்று.

சுவரில் ஏற்கெனவே பழைய பச்சைத் தாள் இருந்தால் உலர்வாகத் தேய்த்து எடுக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுப் பச்சைத் தாள்கள் பலவற்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த நிறமி உண்டு. முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.