ஹரிக்கேன் ஜீப்புக்கு எது தோது: பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரா, மாருதி டூ-பேரலா?

அப்பா காலத்து பெட்ரோல் ஜீப் ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்னால் பாடி கட்டி பிக்கப் ஆக்கியது. மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து கிருஷ்ணகிரி மண்டிக்குப் பெங்களூரா காய் ஏற்றுகிற வேலை அதற்கு. ஹரிக்கேன் இன்ஜின், 4 சிலிண்டர், 2,199 சி.சி. போன வருஷம் ஐட்லிங் நிற்காமல் போய்விட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும்.

கோளாறு கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமானில். இருந்த ஒற்றை பேரல் (காற்று போக ஒரே வாய்) சோலெக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது ஒரு வழி. அடாப்டர் பிளேட் வைத்து, பழைய மாருதி 800-இன் டூ-பேரல் கார்புரேட்டரை மாட்டுவது இன்னொரு வழி. ஜீப் வைத்திருப்பவர்கள் பலரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். நான் இரண்டையும் மாட்டி ஓட்டிவிட்டேன். இப்போது வண்டியில் இருப்பது சோலெக்ஸ். அதனால் என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

மாருதியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்புக் கடையில் சுலபமாகக் கிடைக்கும், காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். ஆனால் அது 796 சி.சி. இன்ஜினுக்குச் செய்த சாமான். அதன் ஜெட் (பெட்ரோல் வருகிற துளை) நம் இன்ஜினுக்குச் சின்னது. ஜெட்டில் டிரில் விட்டுப் பெரிசாக்குகிறார்கள். நானும் விட்டேன். அதன் பிறகு ஜெட்டின் மேல் உள்ள அளவு எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அடுத்த தடவை கூட்டுவதா குறைப்பதா என்று குத்துமதிப்பாகத்தான் போகவேண்டும். தவிர, இந்த இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) தனியாக இல்லை, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டோடு சேர்த்து வார்த்தது. மேலே இரண்டு வாய் வைத்தாலும் கீழே காற்று போகிற வழி அதே பழைய வழிதான். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவை கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம்தான் ஓட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். கை தேர்ந்தவர் சரியான ஜெட் போட்டு அமைத்தால் வேறு மாதிரி ஓடலாம்.

என்னைத் திரும்ப சோலெக்ஸுக்கு இழுத்தது பராமரிப்பு. மாருதி கார்புரேட்டரில் வேக்குவம் குழாய்களே ஒரு கொத்து. ஒன்று கழன்றால் எது எங்கே போகும் என்று அஞ்செட்டி ரோட்டில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. சோலெக்ஸை ஒரு ஸ்குரூடிரைவரும் ஸ்பேனரும் இருந்தால் பானட் மேலேயே பிரித்துப் போடலாம்.

அதில் என்னதான் கெட்டிருந்தது? ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டும் ஐட்லிங் வரவில்லை. எங்கள் பக்கத்து வயசான மெக்கானிக் ஒருவர், “தம்பி, ஜெட்டை விடு. த்ராட்டில் தண்டை ஆட்டிப் பாரு” என்றார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கிற தண்டு அது. லொடலொடவென்று ஆடியது. தண்டு போகிற துளை தேய்ந்து, அந்தச் சந்து வழியே காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. வண்டி ஓடும்போது தண்டின் இரு முனையிலும் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் இன்ஜின் சத்தம் மாறும். மாறினால் அங்கேதான் ஓட்டை. லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் (துளைக்குள் வைக்கும் வளையம்) அடித்து, புதுத் தண்டு போட்டோம். பாதி நோய் அதோடு போனது.

மீதிப் பாதி பெட்ரோல். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகிறது. பிளக் வெளுக்கும், கார்புரேட்டர் வழியே ‘பட்’ என்று வெடிக்கும். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றினேன், நின்றது. இந்த இன்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறுகிற வால்வு) ஹெட்டுக்குக் கீழே பிளாக்கில் இருக்கிறது. லீனாக ஓட்டி அதைக் கருக்கினால் ஹெட்டைக் கழற்றாமல் வேலை முடியாது. எத்தனால் ரப்பரையும் விடாது. நான் முதலில் போட்ட மலிவு கிட்டின் பம்ப் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஊறி அப்பளமாகிவிட்டது. எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். மாசக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் வெள்ளையாகப் பூக்கவைக்கும். இந்தத் தொல்லை மாருதிக்கும் உண்டு, ஆனால் அங்கே கெட்டுப்போக ரப்பர் அதிகம்.

டியூனிங்கில் கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொடவேண்டும். முதலில் இடைவெளிகள், எல்லாம் அங்குலத்தில்: டேப்பெட் (வால்வு) இன்டேக் 0.018, எக்ஸாஸ்ட் 0.016, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 0.020, பிளக் 0.030. இவை சரியான பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, வேக்குவம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சும் விசையை அளக்கும் மீட்டர்) மாட்டி, மிக்ஸ்சர் திருகை முள் உச்சத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து இம்மி உள்ளே. ஐட்லிங் 600 ஆர்.பி.எம். கடல்மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டவேண்டிய முள், ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் அங்குலம் இறங்கும். கிருஷ்ணகிரியில் ஒன்றரை அங்குலம் குறைவாகக் காட்டினால் பயப்படாதீர்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ஏறினால் இன்னும் குறையும், கலவையும் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகும். நான் அதற்காகத் திருகைத் தொடுவதில்லை.

விற்கிற எண்ணம் இருந்தாலும் பழசை வைத்திருப்பது நல்லது. ஜீப் பிரியர்கள் முதலில் பானட்டைத் திறந்து கார்புரேட்டரைத்தான் பார்க்கிறார்கள். மாருதி கார்புரேட்டரும் அடாப்டர் பிளேட்டும் என்னிடம் ஒரு பெயின்ட் டப்பாவில் கிடக்கின்றன. டிரில் விட்ட அந்த ஜெட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன்.