டெர்ராவா, என்ஆர்200பி-யா, ஏபி201-ஆ? சின்ன கேபினெட்ல பிசி கட்டுறவங்களுக்கு ஒரு அலசல்

சின்ன கேபினெட் வாங்கப் போறவங்க எல்லாரும் மொதல்ல பாக்குறது லிட்டர் கணக்கு. இது 10 லிட்டர், அது 18 லிட்டர்னு தான் பேச்சே ஆரம்பிக்கும். என்னைக் கேட்டா லிட்டரை கடைசியா பாருங்க. ப்ராசஸர் கூலர் எவ்ளோ உயரம் வரைக்கும் உள்ள போகும், கிராஃபிக்ஸ் கார்டுக்கு காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, இந்த ரெண்டையும் மொதல்ல பாருங்க, ஏன்னா நம்ம சென்னையில மே மாசம் ஏசி போடாத ரூம்ல 35 டிகிரிங்கறது சாதாரணம், ரிவ்யூ பண்றவரு 22 டிகிரி ரூம்ல உக்காந்துகிட்டு 75 தான் வருதுன்னு காட்டினா அதே செட்டப் நம்ம வீட்ல 88 பக்கம் போய் நிக்கும். கூலர் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் ரூம் சூட்டுக்கு மேல தான் அதோட கணக்கே ஆரம்பிக்குது.

மூணு கேபினெட்டை எடுத்துக்கறேன். ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், கூலர் மாஸ்டர் என்ஆர்200பி 18.25 லிட்டர், அசுஸ் பிரைம் ஏபி201 33 லிட்டர். கடைசியா சொன்னதெல்லாம் சின்ன கேபினெட்டான்னு சண்டைக்கு வராதீங்க, சாதாரண மிட் டவர் 45, 50 லிட்டர் இருக்கு, அதோட பாத்தா இது டேபிள் மேலயே வெச்சுக்கற சைஸ் தான்.

டெர்ராவை பாத்தா யாருக்கும் ஆசை வரும், அதுல சந்தேகமே இல்ல. 2023ல வந்தது, வெளிய அலுமினியம், முன்னாடி கீழ வால்நட் மரம், அந்த பச்சை கலர் வேற. ஹால்ல டிவி பக்கத்துல வெச்சா கம்ப்யூட்டர்னே யாரும் சொல்ல மாட்டாங்க. உள்ள சாண்ட்விச் மாதிரி அமைப்பு, மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவுல ஒரு தகடு, ரெண்டையும் இணைக்க ரைசர் கேபிள். இந்த நடுத் தகட்டை அப்படி இப்படி நகத்தலாம், அங்க தான் விஷயமே இருக்கு. ப்ராசஸர் பக்கம் 77 மில்லிமீட்டர் விட்டீங்கன்னா கார்டு பக்கம் 43 தான் மிஞ்சும், கார்டுக்கு 72 குடுத்தீங்கன்னா கூலருக்கு 48. எப்படி நகத்தினாலும் மொத்தம் 120 தான், ஒரு பக்கம் குடுத்தா இன்னொரு பக்கம் பிடுங்கிக்கும்.

அதாவது நாக்டுவா என்ஹெச்-எல்12எஸ்எக்ஸ்77 (உயரம் பேர்லயே இருக்கு) கூலர் போடணும்னா ரெண்டு ஸ்லாட் (கார்டோட தடிமனை சொல்ற கணக்கு) கார்டோட நிறுத்திக்கணும், மூணு ஸ்லாட் தடி கார்டு வேணும்னா 47 மில்லிமீட்டர் தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 மாதிரி குட்டி கூலரோட காலம் தள்ளணும். நடுவுல ஒரு நல்ல இடம் இருக்கு. என்விடியா 2024ல எஸ்எஃப்எஃப்-ரெடினு சின்ன கேபினெட்டுக்கான கார்டு அளவு ஒண்ணு அறிவிச்சாங்க, நீளம் 304, தடிமன் 50 மில்லிமீட்டர், கேபிள் வளையற இடத்தையும் சேத்து உயரம் 151. கார்டுக்கு அந்த 50 குடுத்துட்டா கூலருக்கு 70 பக்கம் கிடைக்கும். டெர்ரா வாங்குறவங்களுக்கு நான் சொல்றது இந்த செட்டிங் தான்.

ஆனா ப்ராசஸரை யோசிச்சு எடுக்கணும். ரைசன் 5 7600 எவ்ளோ முட்டினாலும் 88 வாட்டுக்கு மேல இழுக்காது, அது டெர்ராவுல ஜாலியா ஓடும். 7800எக்ஸ்3டி-யும் கேம் ஆடும்போது கம்மியா தான் இழுக்கும், அதனால சின்ன கேபினெட் ஆளுங்களுக்கு அது மேல தனி பிரியம். 7950எக்ஸ்னா 230 வாட், அதை இதுக்குள்ள போட்டா ஃபேன் சத்தத்துல பக்கத்து ரூம்ல இருக்கறவங்க எழுந்து வருவாங்க. வேணும்னா பயாஸ்ல (போர்டோட செட்டிங் மெனு) மின்சாரத்தை மட்டுப்படுத்தற ஈகோ மோடு 65 வாட்டுக்கு வெச்சுக்கலாம், சூடு பாதிக்கு மேல குறையும், ஸ்பீடு அந்த அளவுக்கு குறையாது, ஆனா பூட்டி வெக்கறதுக்கு எதுக்கு அவ்ளோ காசு குடுத்து வாங்கணும்?

என்ஆர்200பி 2020லேர்ந்து இருக்கு, இன்னும் மதிப்பு குறையல. காரணம் ரொம்ப சிம்பிள், பழைய பாணி அமைப்பு. போர்டு நிமிந்து நிக்குது, கார்டு நேரா ஸ்லாட்ல போகுது, ரைசர் தேவையே இல்ல. கூலர் 155 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ உயரம் சரியா 155. ரெண்டு டவர், ரெண்டு ஃபேன், விலையும் கம்மி, பெரிய கேபினெட்ல போடற கூலரையே இந்த 18 லிட்டருக்குள்ள போட முடியுது பாருங்க, டெர்ரா இங்க போட்டிக்கே வர முடியாது. கார்டுக்கு நேர் கீழ ரெண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட இடம் இருக்கு, அது வெளிக்காத்தை அப்படியே கார்டு மேல தள்ளும். மூணு ஸ்லாட் கார்டுனா மட்டும் 25 மில்லிமீட்டர் ஃபேனுக்கு இடம் பத்தாது, 15 மில்லிமீட்டர் ஸ்லிம் ஃபேன் தேடணும்.

இதுல 'பி' போட்ட மாடலோட கண்ணாடி பேனலும், கார்டை நிமித்தி நிறுத்த ரைசரும் வரும். அந்த ரைசரை பெட்டியிலயே விட்டுடுங்க. கார்டை நிமித்தினா டவர் கூலர் போட முடியாது, அப்புறம் எதுக்கு இந்த கேபினெட்? போதாததுக்கு முதல்ல வந்த மாடல்ல ரைசர் பிசிஐஇ 3.0, அதாவது கார்டும் போர்டும் பேசிக்கற இணைப்புல பழைய தலைமுறை, புது கார்டு மாட்டினா ஆட்டோல விட்டா டிஸ்ப்ளே வராம கறுப்பா நிக்கலாம், வேற கார்டை நேரா மாட்டி பயாஸ்ல போய் பிசிஐஇ ஸ்பீடை ஜென் 3னு (அந்த 3.0 தான்) மாத்துனா தான் சரியாகும். முன்னாடி டைப்-சி போர்ட்டும் அதுல கிடையாது, பின்னாடி வந்த வி2 மாடல்ல ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க.

ரைசர்னு சொன்னதும் ஞாபகம் வருது, 2021 பிப்ரவரியில என்இசட்எக்ஸ்டி ஹெச்1 கேபினெட்டை அமெரிக்காவுல ரீகால் பண்ணாங்களே, அதுக்கு காரணமே ரைசரை பிடிச்சுருந்த ஸ்க்ரூ தான். ஸ்க்ரூ உரசி ஷார்ட் ஆகி தீப்பிடிக்கற அபாயம். டெர்ராவோட வர்றது பிசிஐஇ 4.0 ரைசர், அது நல்லதாவே இருக்கு, அதை இதோட சேத்து பயப்பட வேணாம். இருந்தாலும் கெட்டுப்போக இன்னொரு பார்ட் கூடுதலா இருக்குங்கறது உண்மை தானே.

ஏபி201 பத்தி பேச பெருசா ஒண்ணுமில்ல, அது தான் அதோட பெருமை. சுத்தி வலை, 57,000 ஓட்டைக்கு மேல இருக்குன்னு அசுஸே சொல்லிக்கறாங்க, கார்டு 338 மில்லிமீட்டர், கூலர் 170, மேல வாட்டர் கூலரோட 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கூட போகும். இதுல போறது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). அழகுக்கு மார்க் போட்டா டெர்ராவுக்கு பாதி தான். ஆனா காசு மிச்சமாகுறது இங்க தான். மத்த ரெண்டுக்கும் வேண்டிய மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம், ரேம் ஸ்லாட் ரெண்டே ரெண்டு, கார்டு ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு, இருந்தும் அதே சிப்செட் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை விட விலை ஜாஸ்தி. சின்ன சைஸ் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் கதையும் அதே தான், அதே வாட்டுக்கு கூட காசு.

இன்னொன்னு, ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் கேட்டா கடைக்கு கடை எடுத்து நீட்டுவாங்க, எஸ்எஃப்எக்ஸ் கேட்டா பாதி பேர் "ஆர்டர் பண்ணி தரேன் சார், நாலு நாள் ஆகும்"பாங்க. வேலைக்கு இந்த ஒரு மெஷினை தான் நம்பி இருக்கீங்கன்னா எஸ்எம்பிஎஸ் போன அன்னைக்கு சாயங்காலமே மாத்த முடியுமான்னு யோசிச்சுக்கோங்க. டெர்ரா, என்ஆர்200பி ரெண்டுக்குமே எஸ்எஃப்எக்ஸ் தான்.

என் தீர்ப்பு, ஏசி ரூம்ல, ரெண்டு ஸ்லாட் 4070 மாதிரி கார்டு, 65 வாட் ப்ராசஸர், கண்ணுக்கு முன்னாடி அழகா இருக்கணும்னா டெர்ரா. ஏசி இல்லாத ரூம்ல மணிக்கணக்கா கேம் ஆடுறவங்க, ரெண்டர் போடுறவங்க என்ஆர்200பி, அதுவும் கண்ணாடியை கழட்டி வெச்சுட்டு வலை பேனலோட. பட்ஜெட் இறுக்கமா இருந்தா யோசிக்காம ஏபி201, மிச்ச காசை கார்டுல போடுங்க. வெறும் எக்செல், பிரவுசர் தான்னா இந்த மூணுமே வேணாம், உள்ளங்கை சைஸ் மினி பிசி போதும்.

ஐடிஎக்ஸ் தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா போர்டை கேபினெட்ல இறக்குறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை திருப்பி பாருங்க. நெறைய போர்டுல எஸ்எஸ்டி மாட்டற ரெண்டாவது எம்.2 ஸ்லாட் பின்பக்கம் தான் இருக்கும், ஸ்க்ரூ எல்லாம் முறுக்குன அப்புறம் அங்க விரல் கூட போகாது. எஸ்எஸ்டி-யை டேபிள் மேல வெச்சே மாட்டிருங்க, ப்ராசஸருக்கு போற 8 பின் கேபிளையும் கூலர் உக்கார்றதுக்கு முன்னாடியே சொருகிடுங்க.