காற்றைக் கட்டுவதா, எரிபொருளை அளப்பதா?

வெள்ளவத்தையில் பிளேன்ரீயோடு தொடங்கிய வாக்குவாதம் இது. நண்பர்களுக்குள் நடத்தும் சிறு ரேஸில் எஞ்சின் பலத்தை எப்படி மட்டுப்படுத்துவது? எஞ்சினுக்குக் காற்று வரும் வழியைக் குறுக்கும் ரெஸ்ட்ரிக்டர் வளையமா, எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் மீற்றரா?

செலவு: வளையத்தைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத்தில் கடைந்து வாங்கலாம். மீற்றருக்கு சென்சர், பதிவுக் கருவி, அதை வாசிக்கத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும்.

நம்பகம்: வளையம் வெறும் உலோகம். சென்சரோ சண்டைக்கு இடம் வைக்கும். 2014 அவுஸ்திரேலிய ஃபார்முலா 1 போட்டியில், மணிக்கு 100 கிலோ எரிபொருள் என்ற எல்லையைத் தாண்டியதாக ரெட் புல் அணி ஓட்டுநர் ரிக்கார்டோவின் இரண்டாமிடம் பறிபோனது. சென்சரை நம்ப முடியாது என்று அணி வாதாடியும் எடுபடவில்லை.

ஓட்டை: இரண்டிலும் உண்டு. 1995 இல் டொயோட்டா ரலி அணி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் பூட்டியதும் ஸ்பிரிங் விசையால் வளையம் நகர்ந்து, பக்கவழியாகவும் காற்று நுழையும்படி செய்திருந்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு! கெட்டிக்காரத்தனம்தான், கிடைத்தது 12 மாதத் தடை. எரிபொருள் பக்கமும் சந்தேகம் ஓயவில்லை, 2020 இல் ஃபார்முலா 1 இரண்டாவது சென்சரைக் கட்டாயமாக்கியது.

சரி, எங்கள் சின்னக் கூட்டத்துக்கு வளையமே போதும், சீல் வைத்து. எரிபொருள் சிக்கனத்தையும் போட்டியாக்க வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் மீற்றர்.