ஒரு ஆயில் ஃபில்டருக்காக நஞ்சப்பா ரோடு வரை

மார்கழிக் காலை. கோலம் போட வாசலுக்கு வந்தேன். அப்பா காரை ஸ்டார்ட் செய்தார். இரண்டு மூன்று நொடிக்கு, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று சத்தம். அப்புறம் அடங்கிவிட்டது. "காத்தால மட்டும் இப்படித்தான் கண்ணு, பனிக்கு" என்றார். கோயம்புத்தூர்ப் பனிக்கு என்ஜின் நடுங்கும் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

கார் 2002ஆம் வருடத்து ஹோண்டா சிட்டி, 1.5 விடெக், வேகம் ஏறினால் வால்வுகளை இன்னும் அதிகம் திறந்து கூடுதல் சக்தி தரும் என்ஜின். 106 குதிரைத்திறன். அப்போது அந்த அளவுக் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை தொண்ணூறைச் சுற்றியே நின்றன. இன்றைக்கும் இளவட்டங்கள் இந்த வண்டியைத் தேடி வாங்குகிறார்கள், சிக்னலில் நின்றால் யாராவது ஒரு பையன் கண்ணாடியை இறக்கி "அங்கிள், குடுக்கற மாதிரி ஐடியா இருக்குங்களா?" என்று கேட்பான். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. நான் இருக்கும் சிங்கப்பூரில் பத்து வருடம் முடிந்தால் பெருந்தொகை கட்டி உரிமைச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காரைக் கழித்துவிட வேண்டும். இங்கே 15 வருடம் தாண்டிய காரை ஐந்தைந்து வருடமாக ஆர்.டி.ஓ.வில் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

தீபாவளிக்கு முன்னால்தான் சர்வீஸ் ஆனது. தம்பி போனிலேயே புக் செய்திருக்கிறான். ஆள் வந்து வண்டியை எடுத்துப் போய், கழுவித் துடைத்து, சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். பில்லை வாங்கிப் பார்த்தேன். என்ஜின் ஆயில் 20டபிள்யூ-50, கெட்டி ரகம். ஆயில் ஃபில்டர் ஒன்று, கம்பெனி பெயர் இல்லை. போன் செய்து என்ன ஃபில்டர் என்று கேட்டால், "ஒரிஜினல் குவாலிட்டி மேடம்" என்று பதில். ஒரிஜினல் குவாலிட்டி என்றால் ஒரிஜினல் இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, பாவம்.

சிங்காநல்லூர் பக்கம் அப்பாவின் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளுக்குக் கை வைத்தவர். சத்தத்தை நான் வாயால் செய்து காட்டினேன். சிரிக்காமல் கேட்டுவிட்டு, "வண்டிய ராத்திரிக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க அம்மிணி. காத்தால நானே ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுக்கறேன்" என்றார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே உயர்ந்தது இதுதான். அதற்கு அவர் காசும் வாங்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "டேப்பட் இல்லீங்க, வால்வுகிட்ட அடிக்கற சத்தமில்ல. டேப்பட்டுன்னா சூடான பொறகும் அடிக்கும். இது ஆயில் மேல ஏற நேரமாகுது." இந்த என்ஜினில் ஃபில்டர் இருப்பது பின்பக்கம், இன்டேக் குழாய்களுக்குக் கீழே, படுத்த வாக்கில். மேலேயிருந்து கை போகாது, குழிக்குள் இறங்கித்தான் கழற்றவேண்டும். படுத்துக்கொண்டிருப்பதால் என்ஜினை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் ஆயில் வழிந்து அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு (சம்ப்) இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஃபில்டர் வாயிலேயே ஒரு ரப்பர் மடல் உண்டு. அது ஒழுங்காக மூடாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஃபில்டர் காலி. காலையில் பம்ப் முதலில் அந்த டப்பாவை நிரப்பி, பிறகுதான் மேலே அனுப்பும். அதுவரை உலோகத்தோடு உலோகம் பேசிக்கொண்டிருக்கும்.

கழற்றிய ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்துக் காட்டினார். ரப்பர் மடலை விரலால் வளைத்தேன், வளையவில்லை. இரண்டு மாதம் ஓடிய ரப்பர் அப்படி இருக்காது. எத்தனை வருடம் அலமாரியில் கிடந்த சரக்கோ. பேப்பர் மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் பல் விழுந்த சீப்பு மாதிரியும் இருந்தன. "விடெக்கே ஆயில் பிரஷர்லதானுங்க வேலை செய்யுது" என்றார். உண்மைதான். வேகம் ஏறும்போது ஒரு சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) திறந்து, ஆயில் அழுத்தம் சின்ன ஊசிகளைத் தள்ளி, வால்வுகளை அமுக்கும் ராக்கர்களைக் கோத்துவிடுகிறது. அப்போதுதான் அந்த இரண்டாவது மூச்சு கிடைக்கும். அந்த வழியில் விரல்நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கிறது. சோலினாய்டைக் கழற்றி அதையும் காட்டினார். கரும்பிசின். பழைய என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாகத் தேய்மானம் இல்லாத என்ஜின், கம்ப்ரஷனும் சரியாக இருக்கிறது. அதைவிட இளகிய 10டபிள்யூ-30 போதும் என்று இவர் அதை ஊற்ற முடிவு செய்தார். கெட்டி ஆயில் குளிர்ந்திருக்கும்போது பேப்பர் வழியாகச் சட்டென்று போகாது. அழுத்தம் கூடினால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாமலே ஆயில் உள்ளே போய்விடும்.

சரி, ஃபில்டர் வாங்கவேண்டும். நான் பந்தாவாக சிங்கப்பூரிலிருந்தே கே அண்ட் என் கம்பெனி ஃபில்டர் ஒன்று பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். (விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு இது என்ன என்று திறக்கச் சொன்னார்கள். ஆயில் ஃபில்டர் என்றதும், யாருக்கு என்று கேட்டார்கள். அப்பாவுக்கு என்றேன். விட்டுவிட்டார்கள்.) பின்பக்கம் நட்டு வைத்து, கம்பி கட்ட ஓட்டை போட்டு, பார்க்கவே ரேஸ் சாமான். மெக்கானிக் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமானுங்க. ஆனா அப்பா எங்க ரேஸ் ஓட்டறார்?"

நியாயமான கேள்வி. ஆயில் ஃப்ளோ அதிகம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆனால் ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும் வகை. நல்ல ஃபில்டர் எதைப் போட்டாலும் அந்த ஆயில் முழுக்க அதன் வழியாகத்தான் போகும். ரேஸ்காரர்களுக்குக் கொதிக்கிற ஆயிலும் உச்சத்தில் நிற்கும் ஆர்.பி.எம். முள்ளும்தான் கவலை, ஒவ்வொரு ரேஸுக்கும் ஆயில் மாற்றிவிடுவார்கள். அப்பா வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. அவருக்கு வேண்டியது நுணுக்கமாக வடிகட்டும் பேப்பரும், ஒரு வருடம் கெட்டியாகாத ரப்பரும்.

நஞ்சப்பா ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் கடைப் பையன் அறுத்த ஃபில்டரைப் பார்த்ததுமே உள்ளே ஓடி வேறொன்றை எடுத்துவந்தான். ரப்பர் வளையம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே அளவு. "சேம் சைஸுங்க்கா." மரையைப் பார்த்தேன், முக்கால் அங்குலம், அங்குலத்துக்குப் பதினாறு மரை. ஹோண்டாவுக்கு வேண்டியது 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இதை ஹோண்டாவில் மாட்டவே முடியாது, அதனால் பிழைத்தோம். தலைகீழாக மாறினால்தான் ஆபத்து: என்ஜினில் முக்கால் அங்குல ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறும் மரைத்தண்டு) 20 மில்லி ஃபில்டர் பிடித்ததுபோல் உட்காரும், நடுரோட்டில் கழன்று மொத்த ஆயிலும் கொட்டிவிடும்.

இரண்டாவது கடையில் கல்லாவில் இருந்த பெரியவர், "வண்டி என்ன, எந்த வருசம்?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்காகவே அங்கே வாங்கலாம் என்று முடிவு செய்தேன். 15400 என்று தொடங்கும் ஹோண்டா பார்ட் நம்பர் ஒன்றை எழுதி, அதையும், அதற்கு ஈடான பாஷ் ஒன்றையும் எடுத்து வைத்தார். விரலை விட்டு மடலை அமுக்கிப் பார்க்க அனுமதி கேட்டேன். "நல்லாப் பாருங்கம்மா, அதுக்குத்தான் வச்சிருக்கேன்." இரண்டுமே மெத்தென்றிருந்தன. அட்டையில் தயாரித்த மாதமும் இருந்தது. போலிச் சரக்கு அதிகம் வருவது ஓடுகிற பெயர்களில்தான், பில் இல்லாமல் வாங்கவேண்டாம் என்று அவரே சொன்னார். ஹோண்டாவையே எடுத்தேன், ஒன்றுக்கு இரண்டாக. ஒன்று 320 ரூபாய்.

மாட்டும்போது அண்ணன் பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அதன்மேல் புதியதை வைத்தால் இரட்டை வளையம், உடனே ஒழுகும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ரெஞ்ச் எடுக்கவில்லை. ஃபில்டர் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினார். ஆயில் தவிர கூலி 400 வாங்கினார், சல்லடை சுத்தம் செய்ததும் சேர்த்து.

கே அண்ட் என் இப்போது வரவேற்பறை ஷோகேஸில், அப்பாவின் கேரம் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த நாள் காலை கோலப்பொடியோடு வாசலுக்கு வந்து காத்திருந்தேன். அப்பா சாவியைத் திருப்பினார். ஆயில் விளக்கு ஒரு கண் சிமிட்டி அணைந்தது. சத்தமே இல்லை.

"இன்னிக்குப் பனி கொஞ்சம் கம்மி கண்ணு" என்றார்.