பேட்டரி தேய்ந்தால் எது தேவலை: ரிப்பேரா, பணமா, எக்ஸ்சேஞ்சா?

கடலூரிலிருந்து சென்னைக்கு ஒரே சார்ஜில் போய்விடலாம் என்று நம்பி 2020, 2021-இல் மின்சார கார் எடுத்தவர்களில் சிலர், இப்போது மரக்காணம் உப்பளம் வரும்போதே மீட்டரை எட்டிப் பார்க்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "வெயில் சார், ஏசி போட்டு ஓட்டுறீங்க" என்று பதில். சரி, வெயில் பேட்டரியைத் தின்பது உண்மைதான், ஆனால் அது நம் ஊர் வெயில் என்பது விற்கும்போதே தெரியாதா?

இந்தச் சண்டை பழசு. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிஸான் லீஃப் வைத்திருந்தவர்கள் இதையேதான் கேட்டார்கள். அந்த காரின் பேட்டரிக்குத் தனி குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. வழக்கு வரை போனபின் கம்பெனி இறங்கி வந்தது: 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் மீட்டரின் 12 கோடுகளில் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்றது. கவனியுங்கள், திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொன்னது 9 கோடு, 12 இல்லை.

பணமாக வாங்கியவர்கள் டெஸ்லாக்காரர்கள். 2019-இல் ஒரு மென்பொருள் அப்டேட்டில் சில மாடல் எஸ் கார்களின் ரேஞ்ச் (ஒரே சார்ஜில் ஓடும் தூரம்) குறைய, 2021-இல் தலைக்கு 625 டாலர் என்று முடித்துக்கொண்டார்கள். பேட்டரி விலைக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. முழு பேட்டரியும் புதிதாகக் கிடைத்தது ஹூண்டாய் கோனாவுக்கு, அதுவும் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்.

நம் பக்கத்தில் ஷோரூம் முதலில் நீட்டுவது, பழைய காரைக் கொடுத்துப் புது கார் எடுத்தால் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ். என் கணக்கில் அதுதான் மோசம்: பழைய காரின் மதிப்பில் கழித்ததையே போனஸ் என்று திருப்பித் தருவார்கள், புது கடன் வேறு தலையில் ஏறும். வெளி மெக்கானிக்கிடம் பலவீனமான செல்களை மட்டும் மாற்றினால் செலவு குறையும், வாரண்டி போய்விடலாம். வாரண்டி முடிந்த காருக்கு மட்டும் அதை யோசியுங்கள்.

வாரண்டி உள்ளவர்கள் ரிப்பேரையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே பல கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று இருக்கும், அந்த எண்ணில் மயங்காமல் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள், அதை எந்தக் கருவியில் யார் அளப்பார்கள் என்று வாரண்டி புத்தகத்தில் தேடுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் வேலையைக் குறிக்கும் தாள்) எழுத வையுங்கள், பேட்டரி பரிசோதனை அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். புதுச்சேரியில் வாங்கிய காராக இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் புகார் போக வேண்டும், அதனால் "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் சார்" என்று ஷோரூம்காரர் சொல்லும் தேதிகளையும் குறித்து வையுங்கள்.