தஞ்சாவூருக்கு வேன் பேசும் சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

அரையாண்டு விடுமுறையில் பெரிய கோயில் பார்க்க வேன் எடுத்துப் போய் நன்றாக ஏமாந்து வந்திருக்கிறோம். பொங்கலுக்கும் நிறைய பேர் கிளம்புவீர்கள் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 73 வயது. அம்மாப்பேட்டையில் நாற்பது வருடம் தறி நெய்தவர். தான் கொடுத்ததையும் அக்கா குந்தவை கொடுத்ததையும் கூடக் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன் என்று என் மகனிடம் அடிக்கடி சொல்வார். 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் இந்தப் பயணமே.

புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிராவல்ஸில் 12 சீட் வேன் பேசினோம். டீசல், டிரைவர் படி, டோல் எல்லாம் சேர்த்து 9,500. "எல்லாம் சேர்த்திதானுங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் அங்கே இருந்தவர். எழுதித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. 2,000 அட்வான்ஸை ஒரு செல் நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினோம்.

விடியற்காலை 4.30க்கு வர வேண்டிய வண்டி 7.15க்கு வந்தது. வந்தது வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்க வேண்டும். கேட்டதற்கு டிரைவர், "வழியில போலீஸ் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க" என்றார். அந்த இடத்திலேயே நாங்கள் திரும்பி வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட முடியும். பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேரை அதில் ஏற்றிவிட்டேன் என்று இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது.

நாமக்கல்லில் அவர் சொன்ன ஹோட்டலில்தான் சாப்பாடு, முக்கால் மணி நேரம் போயிற்று. திருச்சி தாண்டி தஞ்சாவூர் போய்ச் சேரும்போது 12.25. கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அடிக்கடி சவாரி வரும் டிரைவருக்கு இது தெரியாமல் இருக்காது. "நடை சாத்திட்டாங்க சார், அதுக்குள்ள ஓவியக் கடை பாத்துட்டு வந்துடலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி, வண்டியை நேராக அங்கே விட்டார். அரண்மனைக்கும் சரஸ்வதி மகாலுக்கும் போகலாம் என்றோம். அங்கே கூட்டமாக இருக்கும் என்று சொல்லித் தட்டிக்கழித்தார்.

கடையில் ஒன்றரை மணி நேரம். 22 கேரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்லி ஒரு சின்ன கிருஷ்ணர் படத்தை அம்மா தலையில் கட்டினார்கள், 6,500 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு. அதில் தங்கம் என்ற வார்த்தையே இல்லை. ஊருக்கு வந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் காட்டினேன். ஓரத்தில் துளி சுரண்டி ஆசிட் விட்டான். பச்சையாகப் பொங்கியது. வெறும் தங்கக் கலர் தகடு. உண்மையாக உழைத்துத் தங்க ரேக்கு ஒட்டுகிற ஓவியர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், இந்த மாதிரி கடைகளால் கெட்டுப்போவது அவர்கள் பெயர்தான். வாங்குவதென்றால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். வேறு கடையென்றால் ரேக்கு எத்தனை கேரட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நாலு மணிக்கு உள்ளே போனோம். கோபுர நிழல் தரையில் விழாது என்று டிரைவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். நிழல் வடக்குப் பக்கத் தரையில் நீளமாகக் கிடந்தது, மகன்தான் முதலில் காட்டினான். அப்பா அடித்தளத்துக் கல்வெட்டில் விரல் படாமல் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 4.50க்கு டிரைவரிடமிருந்து போன், இப்போதே கிளம்பாவிட்டால் இன்னொரு நாள் வாடகை என்று. அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். காசு போனதைவிட எனக்கு ஆறாதது அதுதான்.

சேலம் வந்ததும் 13,440 கேட்டார்கள். கூடுதலாக 70 கிலோமீட்டருக்கு 1,540, படி 800, டோல் 1,600. வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து திரும்ப ஷெட் வரைக்கும் கணக்காம். கிளம்பும்போது மீட்டரை யாரும் காட்டவில்லை. கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு டோலுக்கும் எவ்வளவு பிடித்தார்கள் என்று மெசேஜ் வந்திருக்கும். அதைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர டோல் ஒன்றரை மடங்குதான் என்பதையும் சொன்னேன், பதில் இல்லை. ராத்திரி 11 மணி, குழந்தைகள் தூக்கத்தில் அழ, கொடுத்துவிட்டு வந்தோம்.

வேன் பேசுகிறவர்கள் மொத்தத் தொகையையும் அதில் என்னென்ன சேர்த்தி என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். முந்தின நாளே நம்பர் பிளேட் படம் கேளுங்கள். ஏறும்போது மீட்டரைப் போட்டோ எடுங்கள்.

ஜிபே ரசீதையும் துண்டுச் சீட்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வெள்ளை போர்டு விஷயத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்த தடவை தஞ்சாவூர் வழியாகப் போகும் மயிலாடுதுறை ரயிலில் முந்தின நாளே போய்த் தங்கி, காலையில் நடை திறக்கும்போதே அப்பாவை உள்ளே கூட்டிப்போகப் போகிறேன்.