புகையிலையும் மார்பினும்: ஐயா தொடுத்த வழக்கு

காரைக்குடி வீட்டு முகப்பில் உட்கார்ந்து, வெற்றிலையோடு புகையிலையை அதக்கியபடியே ஐயா கேட்டார்: "ஆயாவோட புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரையாமே, அது போதை இல்லையாப்பா?"

கேள்வி நியாயம்தான். கேட்ட வாய்தான் சரியில்லை.

புகையிலையில் இருக்கும் நிகோடின் உடம்பை முடுக்கிவிடும். புகையாகப் போனால் 10 முதல் 20 நொடிக்குள் மூளையைத் தொடும். மென்றால் மெதுவாக ஏறும். அட்ரினலின் சுரக்கும், நாடி எகிறும், ரத்த அழுத்தம் கூடும். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்திலிருக்கும் நிகோடின் பாதியாகிவிடும். கை மறுபடி வெற்றிலைச் செல்லத்தைத் துழாவும். வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் புகையிலையின் மற்ற நச்சுகளே காரணம். ஆளை அதோடு கட்டிப்போடுவது மட்டும் நிகோடின்.

மார்பின் அடக்குகிற ஜாதி. அபினிலிருந்து எடுப்பது. மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச்சேதியை அமுக்கும். கண்பாவை சுருங்கும், தூக்கம் சொக்கும். மலச்சிக்கல் வராதவர் அபூர்வம். ஆயாவுக்கு மலமிளக்கியும் சேர்த்தே கொடுத்தார்கள். அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். அதற்கு முறிமருந்து நலாக்சோன். அடிமையாகும் ஆபத்து இதிலும் உண்டு. அதனால்தான் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடி. நோயாளிகளுக்குக் கிடைக்கட்டும் என்று 2014இல் தளர்த்தினார்கள்.

ஆயா அன்றிரவு அசந்து தூங்கினார். ஐயா நடுச்சாமத்தில் எழுந்து புகையிலையைத் தேடினார்.